பாட்டியைவிட இளைய ஏரியில் பல நூறு வயதுப் பனி… தெரியுமா?

பனிப்பாறைக்குக் குரல் உண்டு, தெரியுமா?

துடுப்பை மடியில் கிடத்திவிட்டு, மூச்சை அடக்கி ஒரு நிமிடம் சும்மா இருந்தால் போதும். சுற்றிலும் தண்ணீரிலிருந்து ‘பட்… பட்… படபட’ என்று சத்தம் எழும். எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிகிற அதே சத்தம்! பல நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மலையுச்சியில் பனி பெய்தது. அதன் இடுக்குகளில் கொஞ்சம் காற்றும் மாட்டிக்கொண்டது. மேலே மேலே விழுந்த பனி அதை அமுக்கி அமுக்கி, சோடாப் புட்டிக்குள் அடைத்த வாயுவைப் போல ஆக்கிவிட்டது. இன்றைக்கு அந்தப் பனி இங்கே வந்து உருகும்போது, குமிழியின் சுவர் மெலிந்து வெடிக்கிறது. நம் முப்பாட்டனுக்கும் முப்பாட்டன் காலத்துக் காற்று, நம் காதுக்கு ஓர் அடி தூரத்தில் விடுதலையாகிறது! கடலோடிகள் இந்தச் சத்தத்துக்கு ‘பெர்கி செல்ட்சர்’ என்று சோடாவின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

எஞ்சின் வைத்த படகில் போனால் இந்தக் குரல் காதில் விழவே விழாது. கயாக் என்ற துடுப்புப் படகில் போனால்தான் விழும். அதனால்தான் சொல்கிறேன், பனிப்பாறைகளைப் பார்க்கக் கப்பல் போதும். கேட்பதற்குக் கயாக்தான் வேண்டும்.

இது எந்த ஊர்? ஐஸ்லாந்தின் தென்கிழக்குக் கரை. யோகுல்சார்லோன் என்று பெயர். அந்த மொழியில் ‘யோகுல்’ என்றால் பனியாறு, ‘அ’ என்றால் ஆறு, ‘லோன்’ என்றால் காயல். பனியாற்று நதியின் காயல். பெயருக்கேற்ற மாதிரி இது அசல் காயலேதான். கடலுக்கும் இதற்கும் நடுவே ஒரு குட்டி ஆறுதான் இருக்கிறது. கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் அந்த ஆற்றில் எதிர்த்து ஏறி ஏரிக்குள் வந்துவிடும்.

இப்போது உட்கார்ந்துகொண்டு கேளுங்கள். இந்த ஏரிக்கு என்ன வயது தெரியுமா? ஆயிரமா, பத்தாயிரமா? இரண்டும் இல்லை. 1930களின் நடுவில்தான் இது பிறந்தது! அதற்கு முன்னால் இங்கே ஏரி என்று ஒன்று கிடையாது. முழுக்க முழுக்கப் பனியாறு படுத்திருந்தது. நூறு வயதை நெருங்கும் ஒரு பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், இந்த ஏரி அவருக்குத் தங்கை. மிதக்கிற பனிக்குப் பல நூறு வயது, மிதக்கவிடும் தண்ணீருக்கு நூறுகூட இல்லை. உலகத்தில் எத்தனையோ விந்தைகளைப் படித்திருக்கிறேன், இதற்கு ஈடாக எதுவும் என்னை உலுக்கியதில்லை.

பிறந்த வேகத்தில் வளர்ந்தும் விட்டது. 1970களில் இருந்ததைப்போல இன்றைக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆழம் 248 மீட்டருக்கும் அதிகம். ஐஸ்லாந்திலேயே இவ்வளவு ஆழமான ஏரி வேறு இல்லை! தண்ணீர் மட்டம் கிட்டத்தட்டக் கடல்மட்டத்தோடு ஒட்டியே இருக்கிறது என்பதால், ஏரியின் அடிவயிறு கடல்மட்டத்துக்குக் கீழே 200 மீட்டருக்கும் அப்பால் கிடக்கிறது. அந்தப் பள்ளத்தைத் தோண்டியது யார்? மெல்ல நகர்ந்த பனியேதான். பிரெய்தாமெர்குர்யோகுல் என்ற அந்தப் பனியாறு, ஐஸ்லாந்தின் மிகப் பெரிய பனிக்கவிகையான வட்னயோகுல்லின் ஒரு கிளை. வட்னயோகுல் அந்த நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 8 சதவீதத்தைப் போர்த்திக்கொண்டிருக்கிறது.

சரி, படகில் ஏறுவோமா? ஏறுவதற்கு முன்னால் உடுத்துவதற்கே நேரம் பிடிக்கும். டிரை சூட் என்ற அந்த உடை காலிலிருந்து கழுத்துவரை ஒரே பையாக இருக்கும். உள்ளே கம்பளி உடுப்பு. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர்ப் பட்டை தோலைக் கவ்விப் பிடிக்கும். அதற்குள் தலையை நுழைக்கும்போது சட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி எல்லோரும் ஒரு கணம் தவிப்பார்கள். வழிகாட்டி ஒவ்வொருவரின் கழுத்துப் பட்டையிலும் விரல்விட்டுச் சுற்றிப் பார்ப்பார். ஒரு முடி சிக்கியிருந்தாலும் எடுத்துவிடுவார். அந்த வழியே தண்ணீர் புகும் என்பது அவருக்குத் தெரியும்.

ஏன் இத்தனை கறார்? பனி மிதக்கும் தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும் என்பதைக் கனடாவின் கார்டன் கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியர், தானே உறைநீரில் இறங்கி இறங்கி ஆராய்ந்தவர், 1-10-1 என்ற மூன்றே எண்களில் சொல்லிவிட்டார். முதல் 1 நிமிடம் மூச்சு தாறுமாறாக இழுக்கும். அதைக் கட்டுக்குள் கொண்டுவருவதுதான் ஒரே வேலை. அடுத்த 10 நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும். அதற்குள் படகில் தொற்றிவிட வேண்டும். அதன் பிறகு விரல்கள் மரத்துவிடும், ஆனாலும் நினைவு தப்ப 1 மணி நேரம் ஆகும். குளிர் நம்மை உடனே கொன்றுவிடும் என்றல்லவா நினைத்திருந்தோம்! பலரைக் கொல்வது முதல் நிமிடத்து மூச்சுத் திணறல்தான். மிதவை அங்கி போட்டிருந்தால் அந்த நிமிடத்தைத் தாண்டிவிடலாம்.

கயாக் என்ற இந்தப் படகின் கதையும் சாதாரணமானது இல்லை. கிரீன்லாந்திலும் வட அமெரிக்காவின் துருவக் கரைகளிலும் வாழ்கிற இனுயிட் மக்களின் கண்டுபிடிப்பு இது. மரமே முளைக்காத ஊர். கடல் கொண்டுவந்து ஒதுக்கிய கட்டையிலும் எலும்பிலும் சட்டம் கட்டி, சீல் தோலை இழுத்துத் தைத்தார்கள். தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பதுபோல, ஏறப்போகும் ஆளின் உடம்புக்கே அளவெடுத்துப் படகு செய்வார்கள். நாம் ஏறுவது கனத்த பிளாஸ்டிக்கில் செய்தது. மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை, அகலம் அதிகம். கவிழ்ந்தாலும் உள்ளே சிக்கிக்கொள்ள இடமில்லை.

இனி, நீலம்! பனி வெள்ளை என்றுதானே பள்ளியில் வண்ணம் தீட்டினோம்? இங்கே ஒரு பாறை பால் வெள்ளை, பக்கத்தில் ஒன்று மயில்கழுத்து நீலம். இரண்டும் ஒரே பனிதான். காற்றுக் குமிழி நிறைய இருந்தால் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடித்து வெள்ளையாகக் காட்டும். அமுக்கத்தில் குமிழிகள் ஒடுங்கிப்போன பனிக்குள் ஒளி ஆழமாக இறங்குகிறது. போகிற வழியில் சிவப்பைப் பனி விழுங்கிவிடுகிறது, நீலம் மட்டும் தப்பி வெளியே வருகிறது. சில பாறைகளில் கரிக்கோடு இழுத்தாற்போலக் கறுப்புப் பட்டைகள் ஓடும். அது என்ன தெரியுமா? எரிமலைச் சாம்பல்! வட்னயோகுல்லின் பனிக்கு அடியிலேயே எரிமலைகள் உறங்குகின்றன. அவற்றில் ஒன்றான கிரிம்ஸ்வோட்ன் 2011 மே மாதம்கூட வெடித்தது. சாம்பல் பனிமேல் விழும், அதன்மேல் அடுத்த ஆண்டுப் பனி விழும், இரண்டும் சேர்ந்து உறையும். அந்தக் கறுப்புப் பட்டையை ஒட்டிப் படகில் மிதக்கும்போது, நெருப்பின் நாட்குறிப்பை நெருப்பே எழுதிப் பனியிடம் கொடுத்துவைத்திருப்பது போலத் தோன்றும். இந்த இடத்தை உள்ளடக்கிய வட்னயோகுல் தேசியப் பூங்காவை 2019இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது நெருப்பையும் பனியையும் சேர்த்தே பெயரில் வைத்தார்கள்.

தாய் வாத்துக்குப் பின்னால் குஞ்சுகள் போல வழிகாட்டியின் பின்னால் ஒரே வரிசையில் போகவேண்டும். அழகான பாறையைக் கண்டதும் கை பரபரக்கும், தொட்டுப் பார்க்கலாமே என்று. கூடவே கூடாது! ஒரு கன மீட்டர் பனியின் எடை 917 கிலோ, நன்னீரின் எடை 1000 கிலோ. அந்த 83 கிலோ வித்தியாசத்தில்தான் முழுப் பாறையும் மிதக்கிறது. கண்ணுக்குத் தெரிவது பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மிச்சமெல்லாம் நம் படகுக்கு அடியில்கூட நீண்டிருக்கலாம். அந்த அடிப்பகுதி தண்ணீரில் ஓயாமல் கரைகிறது. கரையக் கரைய எடை ஒரு பக்கம் சாயும். ஏதோ ஒரு நொடியில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், வீடு அளவு பாறை அப்படியே குட்டிக்கரணம் அடிக்கும். அலை கிளம்பி வரும். பிறகு பார்த்தால், இத்தனை நேரம் தண்ணீருக்குள் ஒளிந்திருந்த வயிறு, கண்ணாடிபோல வழவழவென்று அடர்நீலத்தில் மேலே மின்னிக்கொண்டிருக்கும். தூரத்தில் இருந்து பார்க்கக் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். அதனால்தான் வழிகாட்டியின் கண் ஒரு பாறையைவிட்டு இன்னொரு பாறைக்குத் தாவிக்கொண்டே இருக்கும். ஏரியைக் கடலோடு சேர்க்கும் அந்தக் குட்டி ஆற்றுப் பக்கமும் விடமாட்டார். அங்கே நீரோட்டம் படகைக் கடலுக்கே இழுத்துப் போகும்.

பனி எவ்வளவு பெரிதாக உடையும் தெரியுமா? இதற்கு நியூசிலாந்துக்குப் போகவேண்டும். அங்கே அவுராக்கி மலையடியில் டாஸ்மன் ஏரி இருக்கிறது. அதுவும் சில பத்தாண்டுகளுக்கு முன் உருகிப் பிறந்த இளைய ஏரிதான். 2011 பிப்ரவரி 22 அன்று கிறைஸ்ட்சர்ச் நகரை நிலநடுக்கம் தாக்கி 185 உயிர்களைப் பறித்தது. அந்த அதிர்ச்சி ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தாண்டி அந்த ஏரிக்கு மேலேயுள்ள டாஸ்மன் பனியாற்றை உலுக்க, சுமார் 3 கோடி டன் பனி ஒரே மூச்சில் உடைந்து ஏரிக்குள் விழுந்தது. மூன்றரை மீட்டர் உயர அலைகள் எழுந்தன. அந்த நேரம் சுற்றுலாப் படகுகள் ஏரியில் இருந்தன. அவற்றில் இருந்தவர்கள் அலைகளைச் சமாளித்துக் கரை சேர்ந்தார்கள்.

யோகுல்சார்லோனுக்கே திரும்புவோம். சினிமாக்காரர்களும் இந்த ஏரியை விட்டுவைக்கவில்லை. 1985இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் இதைத்தான் சைபீரியா என்று காட்டினார்கள்! 2002இல் வந்த பாண்ட் படத்துக்கோ ஏரி முழுக்க உறைந்து, அதன்மேல் கார்கள் துரத்திக்கொண்டு ஓடவேண்டும். உப்புநீர் வந்துகொண்டே இருந்தால் எப்படி உறையும்? ஆற்று வாயை அடைத்துக் கடலைத் தடுத்தார்கள். ஏரி உறைந்தது, கார்கள் ஓடின.

அந்த உப்புநீர்தான் மீனையும் கூட்டிவருகிறது. மீனைத் துரத்திக்கொண்டு சீல்கள் வருகின்றன. துடுப்புப் போடுகிறவருக்குப் பக்கத்தில் ‘ப்ஹூ’ என்று ஒரு மூச்சு கேட்கும். திரும்பினால் மீசை முளைத்த வட்ட முகம், ஈரக் கண்கள். நம்மை வேடிக்கை பார்த்துவிட்டு ஓசையின்றி முழுகிவிடும்.

இன்னொன்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பனி உருக உருக இங்கே நிலம் உயர்கிறது! கனத்த மூட்டையை இறக்கிவைத்ததும் மெத்தை மேலெழும்புமே, அப்படி. பக்கத்தில் உள்ள ஹோஃப்ன் துறைமுக ஊர் ஆண்டுக்கு 1 சென்டிமீட்டருக்கும் மேல் உயர்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் ஏரி வாயிலில் நேர்மாறு. முன்பு ஆறு சுமந்துவந்த வண்டல் கடற்கரையைக் கட்டிக் காத்தது. இப்போது அந்த வண்டல் ஏரியின் ஆழத்திலேயே படிந்துவிட, கடல் கரையைத் தின்கிறது. ஆற்றின்மேல் 1967இல் கட்டிய பாலத்தையும், நாட்டைச் சுற்றி ஓடும் ஒரே நெடுஞ்சாலையையும் அது நெருங்குகிறது. பின்வாங்கும் பனியாற்றுக்கு அடியில் இன்னும் பல கிலோமீட்டருக்கு அந்தப் பள்ளம் நீள்கிறது. பனி போகப் போக ஏரி உள்ளே நீண்டுகொண்டே போகும். இந்தக் காட்சி இப்படியே என்றைக்கும் இருக்காது என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

கரையேறி, கயாக்கை இழுத்துப் போட்டாயிற்று. முடிந்தது என்று நினைக்காதீர்கள். கோடையில் ஏரிக்கரைக் கூழாங்கற்களில் ஆர்க்டிக் ஆலாக்கள் முட்டையிட்டிருக்கும். சின்னப் பறவை, நூறு கிராம்தான் எடை. வடதுருவப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு அண்டார்டிகா வரை பறந்து, மறுபடி இதே கரைக்கு வரும். ஓராண்டில் சராசரியாக 70,000 கிலோமீட்டர் பறக்கிறது என்று 2010இல் கணக்கிட்டிருக்கிறார்கள். உலகத்தின் இரண்டு நுனிப் பனியையும் கண்ட அந்தப் பறவை, கூட்டுக்குப் பக்கத்தில் வந்தவர் எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் கீச்சிட்டுக்கொண்டு உச்சந்தலையில் கொத்த வரும். அதற்கு உயரமான முனையைத்தான் தாக்கத் தெரியும். அதனால் வழிகாட்டி சொல்வார்: துடுப்பைத் தலைக்கு மேலே நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டு நடங்கள். எல்லோரும் அப்படியே துடுப்பைத் தூக்கிப் பிடித்து வரிசையாக நடப்பார்கள். ஆலா ‘டக், டக்’ என்று துடுப்பைக் கொத்திக்கொண்டு கூடவே வரும்.