இரப்பரும் இறங்கி நின்றவர்களும்

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, இன்றைய மாணவருக்கு விந்தையாகத் தோன்றலாம். துரையோ கிராணியோ எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதே அது. அந்த மிதிவண்டியின் டயருக்கு மூலப்பொருளான பாலை வெட்டியவர்களே அவர்கள்தாம்!

1888இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். கரடுமுரடான சாலைகளில் குலுங்கிக் குலுங்கிச் சென்றவர்களின் பயணம் மென்மையானது. 1908இல் ஃபோர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' மகிழுந்து வந்தபின் இரப்பரின் தேவை பன்மடங்கு பெருகியது. மலாயாவின் மேற்குக் கரையில் காடுகள் தோட்டங்களாயின. காட்டை அழிக்கவும் பால் வெட்டவும் சென்னை மாகாணத்திலிருந்து நம் முன்னோர் கொண்டுவரப்பட்டனர். முதலில் சஞ்சிக்கூலிகளாகவும் பின்னர்க் கங்காணி முறையிலும் வந்தனர். தொடக்கக் காலத்தில் கப்பல் செலவும் கங்காணி கொடுத்த முன்பணமும் அவர்கள் தலையில் கடனாக ஏறின.

கடனைவிடக் கொடியது மலேரியா. மரங்களை வெட்டியதும் நிழலில் கிடந்த மலையோடைகளில் வெயில் பட்டது. வெயில் படும் தெளிந்த நீரோட்டத்தில்தான் அங்குள்ள ஒருவகைக் கொசு பெருகும். கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன் இதனை ஆராய்ந்து, நிலத்தடிக் குழாய்கள்வழி ஓடை நீரை வடிக்கச் செய்தார். அதற்குமுன் புதுத்தோட்டங்களில் மாண்டவர்கள் ஏராளம். துரைமார் அனைவரும் கொடியவர்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால், இரப்பர் விலை ஏறியபோது இலாபம் இலண்டன் பங்குதாரர்களுக்குச் சென்றது. 1930களின் தொடக்கத்தில் விலை சரிந்தபோது தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர்.

1941இல் போரின் காரணமாக இரப்பருக்கு நல்ல விலை கிடைத்தது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடை மூடல், பெண்களுக்குப் பாதுகாப்பு ஆகியவையும் அப்போதைய கோரிக்கைகளே. அரசாங்கம் தலைவர் ஆர்.எச். நாதனை நாடு கடத்தியது, இராணுவத்தையும் வரவழைத்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

இதை நம் தாத்தா பாட்டி காலத்துக் கதை என்று மூடி வைக்க மனம் வரவில்லை. இரப்பர்க் கையுறை தயாரிப்பில் மலேசியா உலகின் முன்னணி நாடு. நேப்பாளம், வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் பலர் இத்தொழிற்சாலைகளில் உழைக்கின்றனர். கோவிட் பெருந்தொற்றின்போது உலகமே கையுறை கேட்டது. 2020 நவம்பரில் கிள்ளான், மேருவில் இத்தொழிலாளர்கள் நெருக்கமாகத் தங்கியிருந்த விடுதிகளில் நோய் பரவி, தொழிற்சாலைகள் பலவற்றைக் கட்டங்கட்டமாக மூட வேண்டியதாயிற்று. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, கட்டாய உழைப்பு என்ற ஐயத்தால் அமெரிக்கா அந்நிறுவனக் குழுமத்தின் கையுறைகளுக்குத் தடை விதித்திருந்தது. 2021இல் தடை நீங்குவதற்குமுன், வேலை பெறுவதற்காகத் தொழிலாளர்கள் முகவர்களுக்குக் கொடுத்திருந்த தொகையை நிறுவனம் அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. அவர்களுள் பலர் அந்தத் தொகையைக் கடன் வாங்கியே கட்டியிருந்தனர்.