திருச்சபை ஆண்டும் பால்மரத் தோட்டமும்

காலத்தைப் பகுத்து, பகுத்த ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு பொருள் கற்பித்துப் போற்றுதல் சமயங்கள் அனைத்திற்கும் பொதுவான இயல்பாகும். பழந்தமிழர் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டை ஆறு பெரும்பொழுதாக வகுத்தனர். அவர்கள் அடிப்படையாகக் கொண்டது இயற்கையின் மாறுதல். கிறித்தவத் திருச்சபையோ இயேசு பெருமானின் வாழ்வையே அளவுகோலாகக் கொண்டு ஆண்டை வகுத்தது. ஆயினும் அவ்வாண்டு உருப்பெற்ற நாடுகள் குளிரும் வசந்தமும் உடையவை. ஆகவே இருளும் ஒளியும், உதிர்தலும் துளிர்த்தலும் அதன் வழிபாட்டில் இயல்பாகவே கலந்தன. பனியும் வேனிலும் இல்லாத பேராக் மாநிலத்தில், பால்மரக் காட்டில் வாழ்ந்த தமிழ்க் கிறித்தவர்க்கு அவ்வாண்டு எவ்வாறு பொருள்பட்டது என்பது ஆராயத்தக்கது.

ஆண்டின் அமைப்பு

திருச்சபை ஆண்டு சனவரியில் தொடங்குவதில்லை. நவம்பர் 30-ஆம் நாளுக்கு மிக அண்மையில் வரும் ஞாயிறே அதன் தலைநாள். அன்று தொடங்கும் திருவருகைக் காலம் நான்கு ஞாயிறுகளைக் கொண்டது. காத்திருத்தலே அதன் பொருள். அடுத்துக் கிறிஸ்து பிறப்பு விழாவும், சனவரி 6-இல் மூன்று ராசாக்கள் திருநாளும் வருகின்றன. பின்னர், ஞாயிறுகள் நீங்கலாக நாற்பது நாள் தவக்காலம். அதன் இறுதியில் குருத்தோலை ஞாயிறு, பெரிய வியாழன், பெரிய வெள்ளி, உயிர்ப்பு ஞாயிறு ஆகியவை அமைகின்றன. உயிர்ப்பு நாளிலிருந்து எண்ண நாற்பதாம் நாள் விண்ணேற்றம். ஐம்பதாம் நாள் பெந்தெகொஸ்தே. எஞ்சிய நீண்ட காலம் வளர்ச்சியைக் குறிக்கும் பச்சை நிறத்துக்குரியது. தவத்துக்கும் காத்திருத்தலுக்கும் ஊதா, மகிழ்ச்சிக்கு வெண்மை, தூய ஆவிக்கும் மறைச்சாட்சியருக்கும் சிவப்பு என நிறங்களும் வகுக்கப்பட்டன. எழுத்தறியாத மக்களும் பீடத்தின் துணியைக் கண்டே காலத்தை அறிந்தனர்.

பங்குனி முழுநிலா

கிறிஸ்து பிறப்பு கதிரவன் வழியே வரும் நிலையான நாள். உயிர்ப்பு விழாவோ நிலவைப் பின்பற்றுவது. மார்ச்சு 21 அன்றோ அதன் பின்னரோ வரும் முழுநிலாவை அடுத்த ஞாயிறே உயிர்ப்பு நாள். ஆதலால் அது மார்ச்சு 22-க்கும் ஏப்பிரல் 25-க்கும் இடையில் எந்நாளிலும் வரலாம். பெரும்பாலான ஆண்டுகளில் அம்முழுநிலா, இந்துக்கள் பங்குனி உத்திரம் கொண்டாடும் முழுநிலாவாகவே அமைகின்றது. ஆக, தோட்டத்து லயங்களில் ஒரு வீட்டார் முருகனுக்குக் காவடி எடுக்கும் அந்நாள்களில் அடுத்த வீட்டார் சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகளைத் தியானித்தனர். வழிபாடு வேறாயினும் இருவர்க்கும் நிலவு ஒன்றே. இந்துவாகிய அயலாருக்குத் தவக்காலத்தை விளக்கக் கிறித்தவர் பெரிதும் முயலவேண்டியிருக்கவில்லை; விரதம் என்னும் ஒரு சொல்லே போதியதாயிற்று.

பேராக்கிற்கு வந்த வழி

பேராக்கின் கோலகங்சாரில் 1877-இல் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மரம் பெருந்தோட்டப் பயிராகியபோது, தமிழகத்திலிருந்து கங்காணிமார் வழியே ஆயிரக்கணக்கானோர் வந்தனர். அவர்களுள் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இருந்தனர். புகைவண்டித் துறையிலும் அலுவலகங்களிலும் பணியாற்ற வந்த யாழ்ப்பாணத்தாருள்ளும் கிறித்தவர் இருந்தனர். பேராக்கின் வடக்கே பாகான் செராய் வட்டாரத்தில், பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த குருவாகிய ரெனே ஃபே, 19-ஆம் நூற்றாண்டிலேயே தமிழ்க் கத்தோலிக்கர்க்கு ஒரு குடியேற்றத்தை வளர்த்தார். ஈப்போவில் மெதடிஸ்டு சபையின் ஆங்கிலோ-சீனப் பள்ளி 1895-இல் தோன்றியது. சிலிபினிலுள்ள லூர்து மாதா ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கரின் வழிபாட்டு மையமாக விளங்கிவருகின்றது. 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் தொடங்கிய லூத்தரன் மரபும் மலாயாவில் வேர் கொண்டது.

எனினும் தோட்டங்களுக்குக் குருவானவர் வாரந்தோறும் வந்துவிட இயலாது. இடைநாள்களில் உபதேசியாரோ, எழுதப் படிக்கத் தெரிந்த மூத்தவரோ செபம் சொல்லிவைப்பது வழக்கம். எனவே திருச்சபை ஆண்டைத் தோட்டத்தில் காத்தவை பெரும்பாலும் செபப் புத்தகமும் பாட்டுப் புத்தகமுமே. கத்தோலிக்கரின் திருப்பலி இலத்தீனில் நடந்த காலத்திலும், அதைச் சூழ்ந்த செபமும் பாட்டும் தமிழிலேயே இருந்தன. 1963-இல் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு இடமளித்த பின்னரே பலிபீடமும் தமிழ் பேசலாயிற்று.

மழையும் இலையுதிர்வும்

ஆண்டின் முதற்காலம் மழையின் நிழலில் வந்தது. அக்டோபர், நவம்பர் திங்கள்களில் பேராக்கில் மழை மிகும். மரப்பட்டை நனைந்தால் பால் கோடு வழியே ஒழுகாமல் பரந்து வழியும், வெட்டு நிற்கும், வெட்டு நின்றால் வருவாய் குறையும். வானத்தைப் பார்த்துக் காத்திருந்த அந்நாள்களின் முடிவில் திருவருகைக் காலம் பிறந்தது. கிறிஸ்து பிறப்பு மார்கழியில் வருவதால், விடியலில் கோயிலில் திருப்பாவை ஒலிக்க, இரவில் கிறித்தவப் பாட்டுக் குழுவினர் வீடுவீடாகச் சென்று பாடினர்.

தவக்காலத்தின் பொருத்தம் இதனினும் வியப்பானது. ரப்பர் தென்னமெரிக்க மரம். ஆண்டுக்கு ஒருமுறை இலையை முற்றும் உதிர்ப்பது. மலாயாவின் பிற மரங்கள் பெரும்பாலும் ஆண்டு முழுதும் பசுமையாய் நிற்க, பெப்ரவரி, மார்ச்சு திங்கள்களில் பால்மரம் மொட்டையாகும். அப்போது பால் சுரப்பு குறையும்; புதுத் தளிர் முற்றும் வரை வெட்டுவோருக்குக் கையில் வருவது சிறிதே. தவக்காலம் தொடங்குவதும் ஏறக்குறைய அப்பருவத்தில்தான். உண்ணாநோன்பு மேற்கொள்ளுமாறு திருச்சபை சொல்லுமுன்னரே மரம் சொல்லிவிட்டது எனலாம். பின்னர்ச் செம்பு நிறத் தளிர் விட்டு மரம் மீண்டும் தழைக்கையில் உயிர்ப்பு விழா வந்தது. ஐரோப்பியர்க்கு வசந்தம் உணர்த்திய உண்மையைத் தோட்டத் தமிழருக்குப் பால்மரம் உணர்த்தியது.

உயிர்ப்பின் செய்தி விடியற்காலையில் கல்லறைக்குச் சென்ற பெண்களுக்கே முதலில் கிடைத்தது. இருள் பிரியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நின்று, விளக்குடன் காட்டுக்குள் நடந்த பெண்களுக்கு அச்செய்தியை விளக்க உரை வேண்டுவதில்லை.

சொற்களின் செல்வம்

தமிழாசிரியர் கருதத்தக்கது, இக்காலங்களுக்கு வழங்கும் பெயர்கள். பிறநாட்டார் பனையோலை எனக் கூறுவதைத் தமிழர் குருத்தோலை என்றனர். இளந்தென்னங் குருத்தின் வெண்மஞ்சள் நிறமும் மென்மையும் அச்சொல்லில் அடங்கின. முந்திய ஆண்டின் குருத்தோலையைச் சுட்ட சாம்பலை நெற்றியில் இடும் நாளைக் கத்தோலிக்கர் விபூதிப் புதன் என்றனர். சைவ மரபின் சொல்லொன்று தயக்கமின்றிக் கிறித்தவச் சடங்குக்குப் பெயராயிற்று. அதே காலத்தைக் கத்தோலிக்கர் தவக்காலம் எனவும் சீர்திருத்தச் சபையினர் லெந்து காலம் எனவும் வழங்குவதிலிருந்து, பேசுவோரின் சபை மரபை அறியலாம். 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இரு சாராரையும் ஒரு நடையில் சேர்க்க முயன்றது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் முதலியோரின் கீர்த்தனைகளோ அதற்கு நெடுநாள் முன்பே சபை எல்லைகளைக் கடந்திருந்தன.

தோட்டம் நீங்கிய பின்

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாயின, பல துண்டாடப்பட்டன, சில வீட்டுமனைகளாயின. மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் முதலிய ஊர்களுக்குக் குடிபெயர்ந்தனர். செம்பனை இலையுதிர்ப்பதில்லை. தவக்காலத்தை அறிவித்த மரம் மறைந்தது. பெரிய வெள்ளி தீபகற்ப மலேசியாவில் பொது விடுமுறை அன்று. ஆதலின் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் பணிபுரிவோர் விடுப்பெடுத்தே பிற்பகல் வழிபாட்டுக்குச் செல்ல வேண்டியுள்ளது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள்; நிலம் கைமாறிய தோட்டத்தில் முன்னோரைப் புதைத்தவர்க்கு அந்நாள் மெழுகுதிரி ஏற்றும் நாள் மட்டுமன்று, வழி கேட்டுச் செல்லும் நாளுமாகும்.

நகரத்து ஆலயங்களில் தமிழ், ஆங்கிலம், சீனம், மலாய் ஆகிய மொழிகள் அருகருகே ஒலிக்கின்றன. இது பெந்தெகொஸ்தே நாளின் பொருளுக்கு முரணானதன்று. அன்று கூடியிருந்தோர் ஒவ்வொருவரும் தத்தம் மொழியிலேயே செய்தியைக் கேட்டனர் என்பதே விவிலியம் கூறும் செய்தி. எல்லாரும் ஒரே மொழிக்கு மாறினர் என்று அது கூறவில்லை. தமிழ் படிக்காத பிள்ளை ஆங்கில வழிபாட்டில் இறைவனை அறியக் கூடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் குருத்தோலை என்னும் சொல்லில் தென்னையையும், விபூதிப் புதனில் அயலாரின் திருநீற்றையும், தவக்காலத்தில் பாட்டி பட்ட பசியையும் அப்பிள்ளை காண்பதற்கில்லை.

முன்பு மரம் பாதியும் சொல் பாதியுமாகத் தாங்கிய ஆண்டை இன்று சொல் மட்டுமே தாங்குகின்றது. அச்சொற்களின் பொருளை விளக்கிக் கற்பிக்கும் கடமை உபதேசியார்க்கு மட்டும் உரியதன்று. சமயம் எதுவாயினும், தமிழ் வகுப்பில் நிற்கும் ஆசிரியர்க்கும் அதில் பங்குண்டு.