சரக்குந்தின் வெற்றோட்ட நடுக்கம்

வெற்றோட்ட நடுக்கம் என்பது வண்டி நின்ற நிலையில், ஆக்சிலரேட்டர் மிதிக்கப்படாமல் எஞ்சின் ஓடும்போது அதன் சுழற்சி சீராக அமையாமல் ஏறி இறங்குவதைக் குறிக்கும். இந்த ஓட்டத்தைத் தமிழகப் பணிமனைகளில் ஐடிலிங் அல்லது ஸ்லோ ஸ்பீடு என்பர். ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டுவிட்டு ஓடுமானால் 'மிஸ்ஸிங் அடிக்கிறது' என்பது வழக்கு. இக்கட்டுரை டீசலில் ஓடும் சிறு சரக்குந்துகளில் இக்கோளாற்றைக் கண்டறியும் முறையை விளக்குகின்றது.

திருவண்ணாமலைச் சூழல்

கிருஷ்ணகிரி - திண்டிவனம் சாலையும், வேலூரிலிருந்து விழுப்புரம் வழியே தெற்கே செல்லும் சாலையும் திருவண்ணாமலையில் சந்திக்கின்றன. சுற்று வட்டார ஊர்களின் காய்கறி, பூ, நெல் மூட்டைகள் பெரும்பாலும் சிறு சரக்குந்துகளிலேயே நகருக்கு வருகின்றன. 2005 மே மாதத்தில் அறிமுகமான டாட்டா ஏஸ் வண்டியைத் தமிழகத்தில் 'குட்டி யானை' என்றே அழைப்பர். பௌர்ணமி நாட்களிலும் கார்த்திகைத் தீபத்தின்போதும் ஏறத்தாழ 14 கி.மீ. கிரிவலப் பாதை மக்களால் நிரம்பும்போது, நகரின் நுழைவுச் சாலைகளில் வண்டிகள் நின்றும் ஊர்ந்துமே செல்ல வேண்டியிருக்கும். நெடுஞ்சாலையில் குறையின்றி ஓடிவந்த வண்டி இங்குதான் நடுங்கத் தொடங்குகிறது. காரணம் எளிது. வேகமாகச் சுழலும்போது பறக்கும் சக்கரம் எனப்படும் ஃப்ளைவீலின் உந்தம் சிறு குறைகளை மறைத்துவிடும். வெற்றோட்டத்திலோ ஒவ்வொரு முறையும் உட்செலுத்தப்படும் டீசல் மிகச் சிறிய அளவே ஆதலால், அதில் ஏற்படும் சிறு வேறுபாடும் பெரிதாகத் தெரியும்.

எது நடுக்கம், எது இயல்பு

தொடக்க கால டாட்டா ஏஸ் வண்டியின் எஞ்சின் 702 கன செ.மீ. கொள்ளளவும் இரண்டு சிலிண்டர்களும் கொண்டது. நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே எரியும். நிமிடத்திற்கு 900 சுற்றுகள் எனக் கொண்டால், இரண்டு சிலிண்டர்களும் சேர்ந்து நொடிக்கு 15 முறை எரிகின்றன. ஒன்று நின்றுவிட்டால் அது ஏழரையாகக் குறையும். நான்கு சிலிண்டர்கள் கொண்ட பொலேரோ பிக்கப் வண்டியில் இதே கணக்கு 30. ஒன்று நின்றாலும் 22.5 மிஞ்சும். எனவே இரு சிலிண்டர் வண்டியில் ஓரளவு அதிர்வு பிறவிக் குணமே. அதிர்வு தாளம் தவறாமல் இருந்து, முன்பைவிட மிகுந்திருந்தால் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கை முதலில் பார்த்தல் வேண்டும். தாளமே தவறினால்தான் எரிதலில் கோளாறு.

எரிபொருள் வழி

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அமுக்கத்தால் சூடேறிய காற்றில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே தேடலைத் தொடங்க வேண்டிய இடம் எரிபொருள் வழியாகும். டாங்கிலிருந்து ஃபீடு பம்பு வரையுள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்படுகிறது. அதில் ஓர் இணைப்பு தளர்ந்தால், எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே கசிவதற்கு மாறாகக் காற்று உள்ளே புகும். வெளியே ஈரம் தெரியாததால் பலர் இதைக் கவனிப்பதில்லை. ஃபில்டரின் அடியில் தேங்கும் நீரை வடித்து, தேவையெனில் ஃபில்டரை மாற்றி, கைப்பம்பினால் காற்றை வெளியேற்றிய பின்னும் நடுக்கம் தொடர்ந்தால் மட்டுமே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். ஃபில்டருக்கு ஆகும் செலவையும் டீசல் பம்பைக் கழற்றிப் பழுது பார்க்கும் செலவையும் ஒப்பிட்டால் இவ்வரிசையின் பொருள் விளங்கும். பம்பு பணிமனையில் கிடக்கும் நாட்களில் ஓட்டுநருக்கு வருமானமும் இல்லை.

புகையும் குறிப்புத் தரும். கரும்புகை காற்று ஃபில்டர் அடைப்பையோ நாசில் சரியாகத் தெளிக்காததையோ காட்டும். வெண்புகை, எரியாத டீசல் வெளியேறுவதைக் காட்டும். அமுக்கக் குறைவு அதற்கு ஒரு காரணம். ஜவ்வாது மலையின் மார்கழிக் காலைகளில் மட்டும் நடுங்கி, சூடேறியதும் சீராகும் பழைய வகை எஞ்சினில் ஹீட்டர் பிளக்கைச் சோதிக்கலாம்.

பழுதான சிலிண்டரைக் கண்டறிதல்

இயந்திர வகைப் பம்பு உள்ள பழைய வண்டிகளில், எஞ்சின் ஓடும்போதே நாசிலுக்குச் செல்லும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்திப் பார்ப்பர். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் ஓசை மாறும். எஞ்சின் நின்றும் போகலாம். எதைத் தளர்த்தினாலும் மாற்றம் இல்லையோ அதுவே பழுதான சிலிண்டர். பின்னர் எஞ்சினை நிறுத்தி, இரு நாசில்களையும் இடம் மாற்றிப் பூட்ட வேண்டும். செப்பு வாஷர்கள் புதியனவாக இருத்தல் நலம். கோளாறு நாசிலுடன் இடம் பெயர்ந்தால் குறை நாசிலில் உள்ளது. பழைய சிலிண்டரிலேயே நின்றால் டாப்பெட் இடைவெளியையும் அமுக்கத்தையும் அளந்து பார்த்து, அவை சரியெனில் மட்டும் பம்பை ஐயுற வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக என்பது மென்பொருளில் பிழை தேடுவோருக்கும் பழக்கமான விதியே.

எச்சரிக்கை

இச்சோதனையைக் காமன் ரெயில் வண்டிகளில் ஒருபோதும் செய்யக் கூடாது. 2011இல் அறிமுகமான அசோக் லேலண்டு தோஸ்த் காமன் ரெயில் எஞ்சினைக் கொண்டது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்குப் பின் வந்த டீசல் ஏஸ் வண்டியும் இவ்வகையே. இவற்றின் குழாயில் அழுத்தம் 1000 பாரையும் கடக்கும். அதிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். வெளியே ஊசி குத்தியது போல் மட்டுமே தெரிந்தாலும், உடனடியாக அறுவை மருத்துவம் செய்யாவிடில் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். இத்தகைய வண்டிகளில் ஸ்கேனர் கருவியை இணைத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் கணினி எவ்வளவு டீசலைக் கூட்டியோ குறைத்தோ தருகிறது என்பதைப் படித்தறிவதே முறை. பழைய வகையிலும் கண்ணாடியும் கையுறையும் இன்றி நட்டைத் தொடுதல் தவறு.

திருகாணியைக் கூட்டுதல்

பம்பிலுள்ள ஸ்லோ ஸ்பீடு திருகாணியைச் சற்று ஏற்றிவிட்டு வண்டியை அனுப்பிவிடும் பழக்கமும் உண்டு. நடுக்கம் மறையும், காரணம் அப்படியே இருக்கும், நெரிசலில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் டீசல் கூடுதலாகச் செலவாகும். முன்பே யாரேனும் இதை ஏற்றியிருக்கக் கூடும் என்பதால், பழுது நீங்கியபின் எஞ்சினை நன்கு சூடாக்கி, தயாரிப்பாளர் கையேட்டில் உள்ள அளவுக்கு வெற்றோட்ட வேகத்தை மீண்டும் அமைத்தல் வேண்டும்.