பாட்டு ஓகே, மைக் ஆன் பண்ணிப் பாத்தீங்களா?

புது ஒயர்லெஸ் ஹெட்ஃபோன் வாங்கினா பிடிச்ச பாட்டைப் போட்டுத்தான் சோதிப்போம். நானும் அப்படித்தான், பேஸ் அள்ளுச்சு! ஆனா ஆன்லைன் இன்டர்வியூல மைக் ஆன் ஆனதும், கேள்வி கேட்டவர் குரல் பழைய லேண்ட்லைன் மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு கேள்வி சரியாவே புரியல.

ஹெட்ஃபோன்ல பழுது இல்லை. பாட்டு மட்டும் கேட்கும்போது ப்ளூடூத் ஏ2டிபி முறையில் ஸ்டீரியோ ஒலி வரும். மைக்கும் சேர்ந்தா, வழக்கமா ஹெச்எஃப்பி முறைக்கு மாறிடும்: மோனோ ஒலி, சாம்பிளிங் பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ்தான்.

தீர்வு சுலபம். செட்டிங்ஸ்ல இன்புட்டுக்கு லேப்டாப் மைக்கைத் தேர்ந்தெடுங்க. ஹெட்ஃபோன்ல கேட்க மட்டும் செய்யுங்க. அடுத்த தடவை வாங்கினா, ரிட்டர்ன் தேதி முடியறதுக்குள்ள ஒரு மணி நேரம் ஃப்ரெண்ட்கூட வீடியோ கால் பேசிப் பாருங்க. குரல், மைக், காதுவலி மூணும் அதுலயே தெரிஞ்சிடும்.