மோதிரத்துக்குள் நுழையும் சால்வை! பின்னியவளுக்குக் கூலி தேயிலை!

ஆறடி நீளம், ஆறடி அகலம். ஆனால் ஒரு கல்யாண மோதிரத்துக்குள் விட்டு இழுத்தால் முழுச் சால்வையும் மறுபக்கம் வந்துவிடும்!

இது கண்கட்டு வித்தை அல்ல. ஸ்காட்லாந்துக்கு வடக்கே, கடல் நடுவில் ஷெட்லாந்து தீவுகள் இருக்கின்றன. அங்குள்ள பெண்கள் கையால் நூற்று, கையால் பின்னிய கம்பளிச் சால்வை அது.

ஷெட்லாந்து செம்மறி ஆடு உருவத்தில் சிறியது. கோடை தொடங்கும்போது அதன் பழைய ரோமம் தானாகவே கழன்று வரும். கத்தரிக்கோல் வேண்டாம். கையாலேயே எடுத்துவிடலாம். கழுத்துப் பக்கத்து ரோமம் மிகவும் மென்மை. சால்வைக்கு அதைத்தான் பொறுக்குவார்கள். சிக்கு நீக்கி, ராட்டையில் மெல்லியதாக நூற்று, இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்குவார்கள். பின்னி முடித்ததும் துவைத்து, மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காய வைப்பார்கள். அப்போதுதான் பூ வேலை பளிச்சென்று தெரியும்.

ஆண்கள் மீன் பிடிக்கக் கடலுக்குப் போய்விடுவார்கள். வயல், மாடு, அடுப்பு எல்லாம் பெண்கள் தலையில்தான். அடுப்பு எரிக்க, சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய மண் கட்டிகளைச் சுமந்து வருவார்கள். முதுகிலே கூடை, கையிலே பின்னல்! இடுப்பில், குதிரை மயிர் அடைத்த தோல் பட்டை இருக்கும். அதில் உள்ள துளையில் ஓர் ஊசியைச் செருகிக்கொண்டால், நடந்துகொண்டே பின்னலாம். பழைய புகைப்படங்களில் இந்தக் காட்சி அழகாகத்தான் இருக்கிறது. சுமந்தவர்களைக் கேட்டால் அல்லவா தெரியும்!

1837-ல் விக்டோரியா ராணிக்கு ஷெட்லாந்து காலுறைகள் பரிசாகப் போயின. பிறகு அந்தத் தீவின் சால்வைகளுக்கும் சீமாட்டிகளிடம் கிராக்கி ஏற்பட்டது.

பின்னியவளுக்குக் கிடைத்தது என்ன?

சால்வையைக் கடைக்குக் கொண்டு போவாள். கடைக்காரர் ஒரு விலை சொல்வார். ஆனால் அந்த விலைக்குக் காசு கிடைப்பது அரிது. தேயிலை கொடுப்பார், துணி கொடுப்பார். இப்போது எதுவும் வேண்டாம் என்றால் ஒரு சீட்டு எழுதித் தருவார். அந்தச் சீட்டுக்கும் அவர் கடையில் சாமான்தான்! வீட்டிலோ மாவு இருக்காது. என்ன செய்வது? கூலியாக வந்த தேயிலையைத் தூக்கிக்கொண்டு போய், தெரிந்தவர்களிடம் மாவுக்கு மாற்றிய பெண்கள் உண்டு. குளிருக்கு இதமான சால்வையைப் பின்னியவள் வீட்டில் பசி!

1872-ல் அரசாங்கம் இதைப் பற்றி விசாரணை நடத்தியது. பெண்களே வந்து சாட்சி சொன்னார்கள். தங்கள் பிழைப்பே அந்தக் கடைக்காரர்கள் கையில் இருந்தபோது, அவர்களுக்கு எதிராகப் பேசுவதற்குத் துணிச்சல் வேண்டும். அவர்கள் சொன்னதெல்லாம் கேள்வி–பதிலாக அறிக்கையில் அச்சாகி இருக்கிறது. 1887-ல் சட்டம் கடுமையாயிற்று. ஆனாலும் வழக்கம் லேசில் ஒழியவில்லை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. படை வீரர்கள் ஏராளமாக ஷெட்லாந்தில் வந்து தங்கினார்கள். அந்தக் குளிருக்கு அவர்களுக்கு ஸ்வெட்டரும் கையுறையும் தேவைப்பட்டன. கடைக்குப் போகாமல், பின்னிய பெண்களிடமே நேராக ரொக்கம் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள்.