மடிக்கணினி தொலைந்தால் கூடவே தொலைவது என்ன?

2018ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள். எம்முடன் பணிபுரியும் சகோதரி ஒருவர் மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் புறப்பட்டு, அதிகாலையில் கொழும்பில் வந்து இறங்கினார். தலைக்கு மேலே தட்டில் வைத்த பையைக் காணவில்லை. பைக்குள் இருந்தது காரியாலயத்தின் மடிக்கணினி.

பொலிஸில் முறைப்பாடு செய்தோம். காரியாலயத்தில் எழுந்த முதல் கேள்வி, "யார் காசு கட்டுவது?" என்பதுதான். இரண்டு நாட்கள் அந்தப் பேச்சிலேயே கழிந்தன. மூன்றாம் நாள்தான் அந்தக் கணினிக்குள் என்ன இருந்தது என்பது எனக்கு உறைத்தது. பதினொரு பெண்களின் கோவைகள். தாபரிப்பு வழக்கு விபரங்கள், 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை கேட்டவர்களின் வாக்குமூலங்கள். அவர்களில் ஒருவர் கணவனுக்குத் தெரியாமல் வேறு ஊரில் தங்கியிருந்தார். அவரது புதிய விலாசமும் பிள்ளையின் பாடசாலைப் பெயரும் அதில் இருந்தன.

"பயப்படாதீங்க அக்கா, பாஸ்வேர்ட் போட்டுத்தான் வைச்சிருந்தனான்" என்றார் அந்தச் சகோதரி. எனக்கும் அது ஆறுதலாகவே இருந்தது. நான் படித்தது சமூகவியல். கணினியைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அதைத் திறந்து அறிக்கை எழுதுவது மட்டும்தான்.

எதற்கும் கேட்டுப் பார்ப்போம் என்று, அதே வகையிலான இன்னொரு மடிக்கணினியை எடுத்துக்கொண்டு கணினி திருத்தும் கடை ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்த தம்பி ஒன்றும் பேசவில்லை. சிறிய திருப்புளியால் அடிப்பக்கத்து மூடியைக் கழற்றி, உள்ளங்கை அளவான ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்தார். அதை ஒரு வயரில் செருகித் தனது கணினியில் பொருத்தினார். எமது கோவைகள் வரிசையாகத் திரையில் வந்து நின்றன. பாஸ்வேர்ட்டை எவரும் கேட்கவேயில்லை. நான் குடித்த தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"அக்கா, நீங்க பூட்டினது மெஷினை. உள்ளுக்குள்ள இருக்கிறதைப் பூட்டேல்லை" என்றார் அவர்.

நாம் பாஸ்வேர்ட் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் வகைகள் உண்டு. வின்டோஸ் திறக்கும்போது கேட்பது ஒன்று. அதற்கும் முன்னர், கணினிக்கு மின்சாரம் வந்தவுடனேயே கேட்கும்படி பயோஸில் வைப்பது இன்னொன்று. இரண்டாவதை வைத்தால் திருடியவருக்குக் கணினியை இயக்குவதே சிரமமாகிவிடும். சில பழைய கணினிகளில் உள்ளேயிருக்கும் நாணய வடிவ பற்றரியைக் கழற்றி அதனை அழித்துவிடலாம். காரியாலயப் பாவனைக்கென வரும் பல மடிக்கணினிகளில் அப்படி முடியாது. அவற்றில் சொந்தக்காரரே மறந்துவிட்டால் தாய்ப்பலகையை மாற்ற வேண்டிய நிலைகூட ஏற்படும். அத்தனை இறுக்கமான பூட்டும் அந்தத் தம்பியின் திருப்புளிக்கு முன்னால் ஒன்றுமில்லை. டிஸ்க்கை வேறு கணினியில் பொருத்தினால் போதும்.

நாங்கள் மட்டும்தான் ஏமாந்தோம் என்றும் இல்லை. 2007 ஒக்டோபரில் பிரித்தானிய வரித் திணைக்களம் இரண்டு இறுவட்டுக்களைத் தபாலில் அனுப்பித் தொலைத்தது. பிள்ளைகளுக்கான கொடுப்பனவு பெற்ற ஏறத்தாழ 72 இலட்சம் குடும்பங்களின் பெயர், விலாசம், பிறந்த திகதி, வங்கிக் கணக்கு விபரங்கள் அவற்றில் இருந்தன. மொத்தம் இரண்டரைக் கோடிப் பேர். இறுவட்டுக்களுக்குப் பாஸ்வேர்ட் இருந்தது, குறியாக்கம் இருக்கவில்லை. திணைக்களத்தின் தலைவர் பதவி விலகினார். இறுவட்டுக்கள் கிடைக்கவேயில்லை.

என்கிரிப்ஷன் எனப்படும் குறியாக்கம்தான் உண்மையான காவல். டிஸ்க்கில் உள்ள அனைத்தையும் அது ஒரு திறவுகோலைக் கொண்டு புரியாத குறிகளாக மாற்றிவிடுகிறது. டிஸ்க்கைக் கழற்றி எங்கே பொருத்தினாலும் திறவுகோல் இல்லாமல் எதையும் வாசிக்க முடியாது. வின்டோஸ் ப்ரோ பதிப்பில் இதற்கான பிட்லொக்கர் என்ற வசதி இருக்கிறது. 2007இல் வந்த விஸ்டாவின் சில பதிப்புகளிலிருந்தே அது உண்டு. வீட்டுப் பாவனைக்கான ஹோம் பதிப்பிலும், ஏற்ற கணினியாக இருந்தால் இதைப்போன்ற எளிய வசதி உண்டு. இல்லாவிட்டால் வெராக்கிரிப்ட் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். பிட்லொக்கரில், கணினி எழும்போதே ஓர் இரகசிய இலக்கத்தைக் கேட்கும்படியும் அமைக்கலாம். தொடக்கப் பூட்டும் குறியாக்கமும் இப்படி ஒன்றாகச் சேரும்போதுதான் பூட்டுக்குப் பலன். தொலைந்துபோன எங்கள் கணினியிலும் பிட்லொக்கர் வாங்கிய நாளிலிருந்தே இருந்ததாம். எவரும் அதை இயக்கவில்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது, என்மீதும்தான்.

இன்னொரு பழக்கமும் எங்களிடம் இருந்தது. வேலை முடிந்ததும் மூடியை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவோம். அப்போது கணினி தூங்குகிறதே தவிர அணையவில்லை, திறவுகோலும் அதன் நினைவகத்திலேயே இருக்கிறது. பயணத்துக்கு முன்னர் முழுமையாக அணைத்துவிட வேண்டும். குறியாக்கம் தொலைந்த கோவையைத் திருப்பித் தராது என்பதால், குறியாக்கம் செய்த இன்னொரு பிரதியைக் காரியாலயத்திலும் வைத்திருக்க வேண்டும்.

பதினொரு பெண்களிடமும் நேரில் போய்ச் சொல்வதென்று முடிவெடுத்தோம். "சொன்னால் எங்கள்மீது நம்பிக்கை போய்விடும்" என்று காரியாலயத்தில் சிலர் தடுத்தார்கள். ஆபத்து அந்தப் பெண்களுக்கு; அதை மறைக்க எங்களுக்கு என்ன உரிமை? ஒருவர் எங்களைத் திட்டினார். இருவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறைந்து வாழ்ந்தவர் மட்டும் வெகுநேரம் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "நீங்களே வந்து சொன்னது நல்லம் மிஸ். இனி வேற வீடுதான் பார்க்கோணும்" என்றார். அடுத்த மாதமே வீட்டை மாற்றினார். பிள்ளையையும் வேறு பாடசாலையில் சேர்க்க வேண்டியதாயிற்று. அதற்கான செலவைக் காரியாலயம் ஏற்றது. நடுவருடத்தில் கூட்டாளிகளை விட்டுவிட்டுப் போன அந்தப் பிள்ளைக்கு நாங்கள் எதைக் கொடுப்பது?

கணினி இன்றுவரை கிடைக்கவில்லை. எமது கணினிகள் எல்லாவற்றிலும் இப்போது பிட்லொக்கர் இயங்குகிறது. அதை இயக்கும்போது 48 இலக்கங்கள் கொண்ட ஒரு மீட்புத் திறவுகோல் கிடைக்கும். அது இல்லாமல் சில வேளைகளில் நாங்களே உள்ளே போக முடியாது. அதைக் கடதாசியில் எழுதி, கணினிப் பையில் அல்ல, காசுப் புத்தகம் இருக்கும் இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறோம். அலுமாரிச் சாவி இரண்டு பேரிடம் இருக்கிறது.