முகத்துக்கு வேண்டுவது எவ்வளவு?

குறுவை அறுவடைக் காசு வீடு வந்து சேர்ந்து, தீபாவளியும் நெருங்கிவரும் நாட்களில், தஞ்சைச் சீமையின் கடைவீதிகளில் உள்ள மருந்துக்கடைகளின் முன்னே சற்று நேரம் நின்றால் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். பருக்களால் சிவந்த முகத்தைத் துப்பட்டாவால் பாதி மறைத்துக்கொண்ட ஒரு கல்லூரிப் பெண், “அண்ணே, பருவுக்கு நல்ல கிரீமா ஒண்ணு குடுங்க” என்று தணிந்த குரலில் கேட்க, கடைக்காரர், “ராத்திரி படுக்கறப்போ போட்டுக்கம்மா, பத்து நாள்ல பளிச்சுன்னு ஆயிடும்” என்று ஒரு சிறு ட்யூபை எடுத்து நீட்டுவார். அவர் சொல்வது பொய்யன்று. பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆகத்தான் ஆகிறது. அந்தப் பளபளப்பில்தான் விபரீதம் தொடங்குகிறது.

அந்த ட்யூபில் பெரும்பாலும் இருப்பது ஸ்டீராய்டு. சருமத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கி, அழற்சியை அடக்கி, சிவப்பையும் வீக்கத்தையும் அது உடனே மறைத்துவிடுகிறது. ஆனால் வாரக்கணக்கில் பூசப் பூசத் தோல் மெலிந்து, முன்னிருந்ததைவிட அதிகமாகப் பருக்கள் கிளம்பி, நிறுத்தினாலோ முகம் நெருப்புப் பட்டதுபோல் எரிய, அந்த எரிச்சலுக்கு அஞ்சி மறுபடியும் அதையே பூசும்படியான அடிமைத்தனம் உண்டாகிறது. 2011-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இந்திய நகரங்கள் பலவற்றில் தோல் வைத்தியம் நாடி வந்த 2,926 பேரைப் பரிசோதித்தபோது, அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசி வந்தவர்கள் என்று தெரிந்தது. அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு அதைச் சிபாரிசு செய்தவர் எந்த டாக்டரும் அல்லர். பதினான்கு வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை டாக்டர் சீட்டின்றி விற்கலாகாது என்று மத்திய அரசு 2018-இல் உத்தரவிட்டது. ஆயினும் ட்யூபின் மீது பீட்டாமெதசோன், குளோபிடசால், மொமெடசோன் என்ற பெயர்களில் ஒன்று இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு வாங்குகிறவர்களுக்கு இன்னும் நீங்கவில்லை.

பரு என்பது உடம்பின் உஷ்ணம் வெளியே வருவது என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மெய்யாக நடப்பது வேறு. ரோமக் கால்களின் வாயிலில் இறந்த செல்கள் அடைத்துக்கொள்ள, உள்ளே சுரக்கும் எண்ணெய் வெளியேற வழியின்றித் தேங்க, அதில் ஒருவகைப் பாக்டீரியா பெருகி அழற்சியை உண்டாக்குகிறது. உஷ்ணத்தைத் தணிப்பதாக எண்ணித் தலை வழிய எண்ணெய் தடவுகிறவர்களுக்கு நெற்றியோரத்தில் மணல் தூவினாற்போல் பரு எழுவதை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம். பிலடெல்பியாவின் சரும மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மனும் அவருடைய சகாக்களும் 1970-இல், தலையில் தடவும் பூச்சு எண்ணெய்களால் நெற்றியில் வரும் பருவைப் பற்றி எழுதினார்கள். 1972-இல் அவரே முகப்பூச்சுகளாலேயே உண்டாகும் பருவுக்கென ஒரு பெயரும் வைத்தார். விசித்திரம் என்னவென்றால், கரும்படலத்தை நீக்குவதற்காக 1975-இல் ஸ்டீராய்டையும் வேறு இரு மருந்துகளையும் கலந்து ஒரு கலவையை அமைத்தவரும் இதே கிளிக்மன்தான். அதன் வாரிசுகளே இன்று நம் ஊர்க் கடைகளில் சிவப்பழகுக் கிரீம்களாக வலம் வருகின்றன.

அடுத்த எதிரி, அதிகமாகக் கழுவுதல். சருமத்தின் மேற்பரப்பு சுபாவத்திலேயே சற்று அமிலத் தன்மை உடையது. 1928-இல் ஷேட், மார்க்கியோனீனி என்ற இரு ஜெர்மானியர்கள் அதை ‘அமிலப் போர்வை’ என்று வர்ணித்தார்கள். அதன் பி.எச். அளவு சுமார் 5. சாதாரணச் சோப்பின் அளவோ 9 முதல் 10 வரை. எண்ணெய் வடிகிறதே என்று நாளைக்கு நாலைந்து தடவை சோப்புப் போட்டுத் தேய்க்கிறவள், எந்தப் போர்வை தன்னைக் காக்கிறதோ அதையே உரித்தெறிகிறாள். நாகப்பட்டினம், வேதாரணியம் பக்கத்து உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காமல் திப்பியாகப் படிந்து முகத்தில் தங்கிவிடுவதால், அங்கே துன்பம் இருமடங்கு.

அப்படியானால் நலங்கு மாவுக்குத் திரும்பிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சரபோஜி மன்னர் தம் தன்வந்திரி மகாலில் நாட்டு வைத்தியத்தையும் மேனாட்டு வைத்தியத்தையும் ஒரே கூரையின்கீழ் வைத்துப் பரீட்சித்துப் பார்த்த ஊர் தஞ்சை. நாமும் அந்த நடுநிலைமையோடுதான் பார்க்க வேண்டும். பாசிப்பயறு மாவு சோப்பைவிடச் சாதுவானது என்பதே என் அபிப்பிராயம். ஆனால் கொரகொரப்பாக அரைத்த மாவு பழுத்த பருவைக் கீறிவிடும். பூலாங்கிழங்கு, ஆரஞ்சுத் தோல் முதலிய வாசனைச் சரக்குகளும், ஏன், காவேரிப் படித்துறைக் கல்லில் தலைமுறை தலைமுறையாக இழைத்துவந்த மஞ்சளுங்கூட, சில மென்மையான சருமங்களுக்கு ஒவ்வாமல் அரிப்பைக் கொடுக்கின்றன. இயற்கைப் பொருள் என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றை நம்புவது, விலை அதிகம் என்ற காரணத்துக்காக நம்புவதைப் போன்றதே.

உண்மையில் வாங்கவேண்டியவை மிகச் சில. வாசனையற்ற, சோப்புக் கலவாத முகக் கழுவி ஒன்று. கிளிசரின் சேர்ந்த, பிசுபிசுக்காத ஈரப்பூச்சு ஒன்று. வரப்பில் வெயிலில் நிற்கிறவர்களானாலும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களானாலும் ஜெல் வடிவத்தில் ஒரு வெயில்தடுப்புப் பூச்சு. பருவுக்கு மருந்தாக டாக்டர் பென்ஸாயில் பெராக்ஸைடு எழுதிக்கொடுத்தால், 2.5 சதவீதமே போதுமா என்று கேட்டுக்கொள்ளலாம். அது 10 சதவீதத்துக்கு நிகரான பலனைக் குறைந்த எரிச்சலோடு தருகிறது என்று 1986-இல் கிளிக்மனும் சேர்ந்து நடத்திய சோதனை காட்டியது. தலையணை உறையின் சாயத்தை அது வெளுத்துவிடும் என்பதையும், பலன் தெரிய எட்டு வாரமாவது ஆகும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருந்தால், அவசரப்பட்டு அந்தப் ‘பத்து நாள்’ ட்யூபைத் தேடிப் போகத் தோன்றாது.

புதிதாக வாங்கியது எதுவானாலும் அன்றைக்கே முகத்தில் இடவேண்டாம். விதைக்கோட்டையைப் பிரித்த விவசாயி, நூறு நெல்லை ஈரச் சாக்கில் முடிந்துவைத்து, எத்தனை முளைக்கிறது என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் நாற்றங்காலில் தெளிக்கிறார். அதேபோல் முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் காலையும் மாலையும் ஏழு நாள் தடவிப் பார்க்கவேண்டும். அந்த ஏழு நாளில் சிவப்போ அரிப்போ தடிப்போ கண்டால், எத்தனை ரூபாய் கொடுத்து வாங்கியதானாலும், அந்த டப்பியை மூடி வைத்துவிட வேண்டியதுதான்.